நகையை அடகு வைக்காதீர்கள், மகள் வரைந்த படத்தைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

பொகவந்தலாவையிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் தேறிய மகளுக்குப் பல்கலைக்கழகம் போக இஸட் புள்ளி போதவில்லை. கொழும்பில் தனியார் கம்பஸில் சொஃப்ட்வெயார் எஞ்சினியரிங் சேர்த்துவிடச் சொல்லி அவளுடைய மாமா நெருக்குகிறார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பிள்ளை வீணாகிவிடமாட்டாள், பயப்படாதீர்கள். ஆனால் நகையை வைக்கக் கூடாது.

கோடிங் தனக்கு ஏறவில்லை என்று அவளே சொல்கிறாள். கட்டணம், போர்டிங் வாடகை, சாப்பாடு எல்லாமே கடன். பிடிக்காத படிப்பைப் பாதியில் விட்டால், படிப்பு போய்விடும், வட்டி போகாது. மாமாவின் மகன் ஐ.டி.யில் நன்றாக இருக்கிறான் என்றால், அவனுக்கு அதில் ஆசை இருந்தது. உங்கள் மகளின் ஆசை நீங்கள் அனுப்பிய அந்த ஒரு படத்திலேயே தெரிகிறது.

நீங்கள் இருக்கும் தோட்ட லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவை அளந்து வரைந்திருக்கிறாள். கானில் தண்ணீர் ஓடும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறாள். மண் சரியும் இடத்துக்குக் காவி, தேயிலைக்கு ஒரு பச்சை, புல்லுக்கு வேறு பச்சை. கட்டடக்கலைஞர்களும் தோட்ட வடிவமைப்பாளர்களும் வாடிக்கையாளருக்குக் காட்டும் தள வரைபடத்துக்கு இப்படித்தான் நிறம் கொடுக்கிறார்கள். நுவரெலியா, எல்ல பக்கம் ஹோட்டல் கட்டுகிறவருக்கு வெறும் கோட்டுப்படம் விளங்காது. நிறம் போட்ட பிறகுதான் எது புல், எது கல், எது தாங்கு சுவர் என்று பிடிபடும். சரிவில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் கண் தானாகவே ஓடும். இப்படி நிறம் போட்டுக் கொடுப்பதை அவள் கணினியில் கூலிக்குச் செய்யலாம்.

ஆசிரியர், தாதியர் வழிகள் உங்களுக்குத் தெரிந்தவை, விடுகிறேன்.

மென்பொருள் விஷயத்தில்தான் அவளை யாரோ குழப்பியிருக்கிறார்கள். லுமியன் என்ற மென்பொருள் வேண்டும், அதற்கென்று கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள விலையுயர்ந்த லெப்டொப் வேண்டும் என்றார்களாம். அது முப்பரிமாணக் காட்சிக்கு. மேலிருந்து பார்க்கும் தட்டையான படத்துக்கு அது தேவையே இல்லை. ஃபோட்டோஷொப்புக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இப்போதைக்கு வேண்டாம். கள்ளப் பிரதி கூடவே கூடாது. முப்பரிமாணத்தில் வரையும் ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு சொந்தப் பாவனைக்கு மட்டுமே, கூலிக்குச் செய்யும் வேலைக்கு ஆகாது. படத்துக்கு நிறம் போட உதவும் கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம், சம்பாதிக்கவும் தடையில்லை. 8 ஜி.பி. ராம் உள்ள பழைய லெப்டொப்பே போதும்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள். ஓட்டோகேட்டில் (கணினியில் அளவோடு கோட்டுப்படம் வரையும் மென்பொருள்) வரைந்த படத்தை அளவுத்திட்டம் மாறாமல் ஏ3 பி.டி.எஃப். ஆக்கி, கிம்ப்பில் 300 டி.பி.ஐ.யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்று, திறக்கட்டும். 1:200 அளவில் 1 மீற்றர் என்பது 5 மில்லிமீற்றர், படத்தில் ஏறக்குறைய 59 பிக்ஸல். 6 மீற்றர் விரியும் ஜகரண்டா மரம் 354 பிக்ஸல் வர வேண்டும். மரத்தைக் கண்மதிப்பில் போட்டால் படம் பொய் சொல்லும். படம் கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களில் இருக்கும்; கோடுகள் உள்ள லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மல்டிப்ளை முறைக்கு மாற்றினால், கீழே எந்த நிறம் போட்டாலும் கோடு மறையாது. புல், நடைபாதை, தண்ணீர், மரம் ஒவ்வொன்றுக்கும் தனி லேயர். நிழல் எல்லா மரத்துக்கும் ஒரே பக்கம் விழ வேண்டும். கோடுகளில் இடைவெளி இருந்து நிறம் வெளியே ஒழுகினால் கிரிட்டாவில் கலரைஸ் மாஸ்க் இருக்கிறது: ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கீறல் நிறம் வைத்தால், சின்ன இடைவெளிகளைத் தாண்டி அதுவே எல்லை பிடித்து நிரப்பும். பச்சையை மட்டும் அடக்கிப் போடச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கண் கூசும் பச்சையில்தான் படத்தைக் கெடுக்கிறார்கள்.

நிறம் போடுவது மட்டும் நிரந்தரத் தொழிலாகிவிடாது. அதனால் பக்கத்தில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பாடநெறிக்கு விண்ணப்பிக்கட்டும். ஓட்டோகேட்டை அங்கே ஒழுங்காகப் பழகலாம். பிற்காலத்தில் பட்டம் வேண்டுமென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலை (தோட்டங்களையும் வெளியிடங்களையும் வடிவமைக்கும் படிப்பு) இருக்கிறது. அதற்கு இஸட் புள்ளி வேண்டும், திரும்பவும் பரீட்சை எழுதுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மாமா முடிவு செய்ய வேண்டாம்.

இப்போதைக்கு மூன்று படங்கள் செய்யச் சொல்லுங்கள்: உங்கள் லயத்துச் சரிவு, கோயில் வளவு, ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடும் தோட்டமும். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த அலுவலகங்களுக்குக் காட்டலாம் என்று நான் சொல்கிறேன். முதல் வேலை வரும்போது கூலியையும் எத்தனை தடவை திருத்தித் தருவாள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அவள் தொடங்க வேண்டும்.