கம்யூனிகேஷன் இன்ஜினியரிங் பிஎச்.டி.யில் என்னதான் செய்வார்கள்? அந்த ஆய்வு உடனே பயன்படுமா?

ஐஐடி மாதிரி இடங்களில் தொடக்கத்தில் பாடங்கள்தான்: நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, தகவல் கோட்பாடு. அப்புறம் ஒரு காம்ப்ரிஹென்சிவ் தேர்வு. ஆனால் கை பழகுவது கணினி சிமுலேஷனில்.

பிட்டுகளை அலையில் ஏற்றி அனுப்பும் பிபிஎஸ்கே என்ற எளிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சம் பிட்டுக்கு ஒரு பிழைதான் வரவேண்டும் என்றால், பிட்டின் ஆற்றல் இரைச்சல் அடர்த்தியைவிட சுமார் 9.6 டெசிபெல் அதிகம் இருக்க வேண்டும். புது மாணவர் சிமுலேஷனிலிருந்து வரைந்த பிழைவிகிதக் கோடு பல நேரம் சரியாக 3 டெசிபெல் தள்ளி நிற்கும். இரைச்சலைப் பாதியாக்க மறந்திருப்பார். (நானும் மறந்தேன். ஒரு வாரம் போச்சு.) பிழை பத்து லட்சத்தில் ஒன்று என்றால், நம்பும்படி 100 பிழைகளைப் பார்க்கவே 10 கோடி பிட்டுகளை ஓட்ட வேண்டும்.

சரி, உடனே பயன்படுமா? ராபர்ட் கேலகர் 1960-ல் எம்ஐடியில் தன் பிஎச்.டி.க்காக, பிழைகளைத் திருத்த உதவும் எல்டிபிசி குறியீடுகளை உருவாக்கினார். அன்றைய கணினிகளுக்கு அது தாங்காத சுமை. முப்பது வருஷத்துக்கும் மேல் அதை அநேகமாக யாரும் சீண்டவில்லை. இன்று 5ஜியில் தரவு போவது அந்தக் குறியீட்டில்தான். அதே 5ஜியில் கட்டுப்பாட்டுத் தகவலுக்குப் பயன்படும் போலார் குறியீட்டைக் கண்டுபிடித்த எர்டால் அரிகானும் கேலகரின் மாணவர்தான்.