வாசகர் கேள்வி பதில்: பொது நிர்வாகவியலில் முதுகலை படிக்கலாமா?

கேள்வி: வரலாற்றில் பி.ஏ. முடித்து, தொகுதி 4 தேர்வு எழுதி, வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொது நிர்வாகவியல் படிக்க விரும்புகிறேன். பதவி உயர்வுக்கு உதவாத படிப்புக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, தென்காசி

பதில்: உங்கள் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிப்பவை பணிமூப்பும், பவானிசாகரில் பெறும் அடிப்படைப் பயிற்சியும், தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளும்தான். முதுகலைப் பட்டம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. ஆகவே மாவட்ட அலுவலக நடைமுறை நூல், வருவாய்த் துறைத் தேர்வு, கணக்குத் தேர்வு ஆகியவற்றில் பாக்கி ஏதேனும் இருந்தால், அவற்றை முடித்த பிறகே எம்.ஏ. விண்ணப்பத்தை நிரப்புங்கள். சேருவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அந்த ஆணையின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் அந்தக் கல்வியாண்டில் நடப்பில் உள்ளதா, எந்த மொழியில் தேர்வு எழுதலாம் என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இனி, எதற்காகப் படிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். நான் இந்தப் பட்டத்தைப் பணியில் இருந்துகொண்டே 41 வயதில் படித்தேன். அதனால் எனக்கு ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகளாக நான் செய்துவந்த வேலை என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உங்கள் மேசைக்கு வரும் ஒரு பட்டா மாறுதல் மனுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ந.க. எண் என்ற கோப்பு எண் கொடுத்து, உங்களுக்கு வரும் தாள்களையெல்லாம் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் பதிந்து, வருவாய் ஆய்வாளரின் அறிக்கை கேட்டுக் கடிதம் எழுதி, அறிக்கை வராதபோது நினைவூட்டு அனுப்பி, அதையும் அதே பதிவேட்டில் குறித்துவைக்கிறீர்கள். நாளையே நீங்கள் வேறு வட்டத்துக்கு மாறுதலாகிப் போனாலும், அந்த இருக்கைக்கு வருபவர் பதிவேட்டைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து அந்த மனுவைத் தொடர முடியும். அலுவலகம் என்பது ஆளைச் சார்ந்து இயங்காமல் எழுத்தைச் சார்ந்து இயங்க வேண்டும், பதவி வேறு, பதவியில் இருப்பவர் வேறு என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் எழுதிவைத்ததன் பொருள் இதுதான். அவர் இறந்த பிறகு, 1922இல் வெளியான நூலில் இருக்கும் அந்தப் பக்கங்களைப் படித்த நாளிலிருந்து, தன்பதிவேட்டை மாதக் கடைசியில் அவசர அவசரமாக நிரப்பும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒரு வரி பதியாமல் விட்டால், ஒரு மனுதாரர் மறுபடியும் முதலிலிருந்து அலைய நேரிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அமெரிக்கரான ஃபிரெட் ரிக்ஸ் தாய்லாந்தின் அரசு அலுவலகங்களை நேரில் ஆராய்ந்தவர். வளரும் நாடுகளின் நிர்வாகத்தைப் பற்றி 1964இல் அவர் வெளியிட்ட நூலில், எழுதப்பட்ட விதிக்கும் நடப்பில் உள்ள வழக்கத்துக்கும் இடையே விழும் இடைவெளிக்கு ஒரு பெயரிட்டு, அது ஏன் விழுகிறது, அதனால் யார் பயனடைகிறார்கள் என்று விளக்குகிறார். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தின் வாசலில், எந்தச் சான்றிதழ் எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதிய பலகை ஒன்று இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக நான்காவது முறையாக வந்திருந்த ஒரு பெண்மணி, அந்தப் பலகைக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரிக்ஸைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அவர்தான். உங்களுக்கும் அப்படி ஒருவர் நினைவுக்கு வந்தால், இந்தப் படிப்புக்குக் கட்டிய பணம் வீண் போகவில்லை என்று வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

மற்றப் பாடங்களில் பொதுக்கொள்கை, மனிதவள மேலாண்மை, மின்னாளுகை ஆகியவற்றை நீங்கள் எளிதாகவே கடந்துவிடுவீர்கள். உள்ளாட்சி பற்றிய தாளுக்கு மட்டும் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள். உங்கள் அன்றாட வேலையோடு நெருக்கமான தாள் அது.

கேள்வி: பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். ஐ.ஏ.எஸ். தேர்வில் பொது நிர்வாகவியலை விருப்பப் பாடமாக எடுக்க எண்ணுகிறேன். அதற்காக முதலில் எம்.ஏ. முடித்துவிடுவது நல்லதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அதற்காக மட்டும் என்றால் தேவையில்லை. குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும். விருப்பப் பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. முதன்மை எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்குரியவை தலா 250 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள். முதல் தாளில் நிர்வாகக் கோட்பாடுகளும், இரண்டாம் தாளில் இந்திய நிர்வாகமும் வருகின்றன. ஒரு காலத்தில் முதனிலைத் தேர்விலும் விருப்பப் பாடம் இருந்தது, முதன்மைத் தேர்வில் இரண்டு விருப்பப் பாடங்கள் எழுத வேண்டியிருந்தது. 2011இலும் 2013இலும் வந்த மாற்றங்களுக்குப் பிறகு ஒரே விருப்பப் பாடம், அதுவும் முதன்மைத் தேர்வில் மட்டுமே என்றாகிவிட்டது. அந்த 500 மதிப்பெண்ணுக்காக இளமையின் இரண்டு ஆண்டுகளை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. விடைகளைத் தமிழில் எழுதலாம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும் என்பதால், கலைச்சொற்களை இரு மொழிகளிலும் பழகிக்கொள்ள வேண்டும். தேர்வு கைகூடாவிட்டாலும் இந்தத் துறையிலேயே ஆய்வு செய்வேன், கற்பிப்பேன் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் மட்டும் எம்.ஏ. சேருங்கள். அப்போது கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி தரும் நெட் தேர்வு எழுதவும் அந்தப் பட்டம் பயன்படும்.

கேள்வி: இப்போது எம்.ஏ. முதலாண்டு படிக்கிறேன். பாடமெல்லாம் வில்சன், வேபர், சைமன் என்று மேல்நாட்டு அறிஞர்களாகவே இருக்கிறது. நம்முடையது என்று சொல்ல எதுவுமே இல்லையா?
– வாசகர், செய்யாறு

பதில்: தனிக் கல்வித்துறை என்ற வகையில், உட்ரோ வில்சன் 1887இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம்; அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து உத்திரமேரூர் அதிகத் தொலைவில் இல்லை. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நேரில் போய்ப் பாருங்கள். குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, ஆட்டை வாரியம் (ஆண்டுக் குழு), தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகிய குழுக்களுக்கு ஆட்களைத் தேர்ந்த முறை அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. போட்டியிடுபவருக்குச் சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் நிலமும், 35க்கு மேல் 70க்குள் வயதும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள்.

இதைப் பெருமையோடு படியுங்கள். ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. உங்கள் பருவக் கட்டுரைக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் உள்ள தகுதியின்மை விதிகளையும் அந்தக் கல்வெட்டின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். கணக்குக் காட்டாதவரை இரண்டும் எப்படி நடத்துகின்றன என்ற இடத்திலிருந்து நீங்கள் தொடங்கலாம்.