டேட்டா பித்துப் பிடித்த பெண்ணுக்குப் பொங்கலுக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் அக்கா மகள் பெங்களூரில் டேட்டா அனலிஸ்டாக வேலை பார்க்கிறாள். எதைப் பார்த்தாலும் எண்ணிக் கணக்கெடுத்து கிராஃப் போட்டுவிடுவாள். கல்யாணப் பந்தியைக்கூட விட்டதில்லை. பொங்கலுக்கு தேவகோட்டைக்கு வருகிறாள். போன தடவை வந்தபோது வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து எங்கள் ஐயா காலத்துக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அவள் மனசுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது கொடுக்க ஆசை. எனக்குக் கம்ப்யூட்டர் ஓரளவுதான் தெரியும். ஐந்தாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம், கையில் இரண்டு மாதம் இருக்கிறது.

பதில்: பை சார்ட் அச்சடித்த காபிக் கோப்பை, கிண்டல் வாசகம் போட்ட டி-ஷர்ட், ஆன்லைன் கோர்ஸ் சந்தா மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டும் அலுவலக நண்பர்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். மூன்றாவது பரிசே அல்ல, வேலை. டேட்டாவில் ஊறியவர்களுக்குப் பிடித்தது வேறு யாரிடமும் இல்லாத, நம்பிப் பயன்படுத்தக்கூடிய டேட்டா. அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அந்தக் கணக்குப் புத்தகங்களைத்தான் சொல்கிறோம். பேரேடு, மொய் நோட்டு, சீர் சாமான் பட்டியல் என்று எது இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எக்செல்லில் ஏற்றிக் கொடுங்கள். முழுப் பெட்டகத்தையும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு கல்யாணத்து மொய் நோட்டு போதும்: பெயர், ஊர், தொகை மூன்றும் ஒரே வரியில் இருக்கும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எந்தப் பக்கத்துச் சொந்தம் எவ்வளவு செய்தது என்று அவள் ஒரு வருஷம் வரைந்துகொண்டிருப்பாள்.

முதல் வேலை போட்டோ. புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பழைய மசி பளபளத்து எழுத்து மறைந்துபோகும். பூச்சி அரித்த தாளைப் பிரிக்கும்போது அடியில் ஓர் அட்டையைச் செருகிப் புரட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். செலோடேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்த தாளைத் திரும்ப எடுக்கவே முடியாது.

அடுத்தது தட்டச்சு. பக்க எண், வரி எண், பெயர், ஊர், தொகை, குறிப்பு என்று ஆறு பத்தி வைத்துக்கொண்டு, நாளைக்கு நான்கு பக்கம் அடித்தால் இரண்டு மாதத்தில் 240 பக்கம் முடியும். பெயரையும் ஊரையும் நோட்டில் இருக்கிறபடியே அடியுங்கள். ஒரு வரியில் ‘ராம.’ என்றும் அடுத்த வரியில் ‘இராம.’ என்றும் இருந்தால் இரண்டையும் அப்படியே விடுங்கள். ஒரே ஆளா, வேறு ஆளா என்று பிரிப்பது அவள் வேலை. நீங்கள் திருத்திவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

தொகையில்தான் ஆள் சறுக்குவது அதிகம். 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்கெல்லாம் ரூபாய், அணா, பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 5-8-0 என்று இருந்தால் அது ஐந்தரை ரூபாய்; 5.80 என்று அடித்தால் முப்பது காசு கூடிவிட்டது. 5-8 என்று அடித்தாலோ எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். ஆகவே ரூபாய்க்கு ஒரு பத்தி, அணாவுக்கு ஒன்று, பைக்கு ஒன்று என மூன்றாகப் பிரித்துவிடுங்கள். தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் ௨௰௫ என்பது 25 (இரண்டு பத்து, ஐந்து). இலக்கங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதினால் தப்பாகும். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. ‘மேற்படி’ வரும் இடத்தில் மேல்வரியில் உள்ளதை முழுதாக அடித்து, குறிப்புப் பத்தியில் ‘மேற்படி’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் அவள் ஊர்வாரியாக வரிசை மாற்றிய கணமே அந்த வரி அநாதையாகிவிடும்.

பர்மா, மலாயாக் கணக்குகள் கலந்திருந்தால் நாணயத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். மலாயாக் கணக்கில் ‘வெள்ளி’ என்றால் டாலர். அதை ரூபாயோடு கூட்டினால் வரும் தொகைக்கு அர்த்தமே இல்லை. தமிழ் வருடப் பெயரும் இப்படித்தான் ஏமாற்றும், அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரமாதி என்று மட்டும் இருந்தால் 1939-40 ஆகவும் இருக்கலாம், 1999-2000 ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் ஆங்கிலத் தேதியோ பிரிட்டிஷ் முத்திரைத்தாளோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ (CSV UTF-8) என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப மீட்க வழியில்லை. பென் டிரைவில் இந்த ஃபைலையும் போட்டோக்களையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: கடன் கணக்கில் இருக்கும் பெயர்களுக்கு இன்றைக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். வரைவதைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும், பேஸ்புக்கில் ஏற்ற வேண்டாம்.

இதற்குக் காசு செலவில்லை. கையில் கொடுக்க, பிரித்துப் பார்க்க ஒரு பொருளும் வேண்டும் என்றால் அந்த ஐந்தாயிரத்துக்கு எங்கள் முதல் சிபாரிசு, தேவகோட்டையின் மழையை முந்தியில் நெய்த ஒரு கண்டாங்கிச் சேலை.

ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்ட வெப்பக் கோடுகள் அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்: ஆண்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு, எண்ணோ அச்சோ கிடையாது. நம் பக்கத்துக்கு வெப்பத்தைவிட மழைதான் சேதி. ஊருணி நிறைந்ததா இல்லையா என்பதுதானே இங்கே ஒரு ஆண்டின் கதை.

டேட்டாவுக்கு நாசாவின் ‘பவர்’ இணையதளம் போதும், இலவசம். அட்சரேகை 9.95, தீர்க்கரேகை 78.82 கொடுத்து, தினசரி மழையளவைத் தேர்ந்தெடுத்து, 1981 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை சிஎஸ்வியாக இறக்குங்கள். ஃபைலின் தலையில் சில வரிகள் விளக்கக் குறிப்பு இருக்கும், அவற்றை நீக்கிவிட்டு ஆண்டுவாரியாகக் கூட்டுங்கள் (சம்இஃப் ஃபார்முலா). கூட்டுவதற்கு முன் -999 என்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது மழையளவு அல்ல, விடுபட்ட நாளின் அடையாளம். ஒன்று இருந்தாலும் அந்த ஆண்டில் ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர் குறைந்துவிடும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் என்பதால் ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினாலே பருவம் நடுவில் வெட்டுப்படாது.

மொத்தம் 44 ஆண்டு. குறைந்த மழையிலிருந்து கூடுதல் மழை வரை வரிசைப்படுத்தி, பதினொன்று பதினொன்றாக நான்கு கூறு போடுங்கள். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. 2005-உம் 2015-உம் நல்ல மழை. 2016 மிக வறண்ட கூறில் இல்லாமல் நடுவிலோ மேலேயோ வந்தால் கூட்டலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு நீலத்தைத் தேட வேண்டாம், கண்டாங்கியின் நிறங்களே அருமையாகப் பொருந்தும். வறண்ட ஆண்டுக்கு மஞ்சள், அடுத்து செங்கல், அடுத்து அரக்கு, நல்ல மழைக்குக் கறுப்பு. வெளுப்பிலிருந்து அடர்த்திக்குப் படிப்படியாகப் போவதால் சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத கண்ணுக்கும் வரிசை புரியும். நூல் மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு போட்டோ எடுங்கள். அதில் நான்கு சாயலும் தனித்தனியாகத் தெரியாவிட்டால் நூலை மாற்றுங்கள். செங்கலும் அரக்கும்தான் பெரும்பாலும் ஒன்றாகிப்போகும்.

நெசவாளரிடம் கிராஃப் காட்டிப் பயனில்லை. காரைக்குடித் தறியில் பாவு (நீளவாக்கில் ஓடும் இழை) ஒரே முறையில் பல சேலைக்குப் பூட்டப்பட்டிருக்கும். உங்கள் ஒரு சேலைக்காகப் பாவை மாற்றமாட்டார்கள். ஆண்டுக் கோடு ஊடையில்தான் (குறுக்கே ஓடும் இழையில்) வர வேண்டும், அதுவும் முந்தியில். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்தால் 44 சென்டிமீட்டர், முந்திக்குக் கச்சிதம். அங்குலத்துக்கு 50 ஊடை ஓடுகிற துணியில் சென்டிமீட்டருக்கு 20 இழை. இரட்டைப் படையாக இருப்பது முக்கியம், அப்போதுதான் நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்து நிற்கும், அடுத்த நிறத்துக்கு மாற்றுவது எளிது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிக் கொடுங்கள்: மஞ்சள் 20, கறுப்பு 40, அரக்கு 20... அடுத்தடுத்த இரண்டு ஆண்டுக்கு ஒரே நிறம் வந்தால் 40 என்று சேர்த்துவிடுங்கள். 1990, 2000, 2010, 2020 முடியும் இடங்களில் வெள்ளை இரண்டு இழை போடச் சொன்னால் பிற்பாடு ஆண்டை எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

இதில் பெரிய ஆபத்து பாவின் நிறம். சாதா நெசவில் கண்ணுக்குத் தெரிவது பாதி பாவு, பாதி ஊடை. கறுப்புப் பாவில் மஞ்சள் ஊடை ஓடினால் பாசி நிறமாகும், அரக்கும் கறுப்பும் பிரித்தறிய முடியாமல் போகும். மஞ்சளோ இளஞ்சிவப்போ பாவாக ஓடும் தறியாகப் பார்த்துக் கேளுங்கள். முழு முந்தியைத் தொடங்கும் முன் நான்கு நிறத்திலும் இரண்டிரண்டு விரற்கடை நெய்து காட்டச் சொல்லுங்கள். பொங்கல் ஆர்டர் நெருக்கடியில் தனி வேலைக்கு மறுப்பு வரலாம், வந்தால் அதே கணக்கில் ஒரு துண்டு கேளுங்கள். முதல் சலவை தனியாக, தண்ணீரில் மட்டும். கறுப்பும் அரக்கும் வெள்ளை இழையில் ஏறினால் போகாது.

சேலையோடு ஒரு சிறு அட்டை வையுங்கள்: எந்த இடம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எங்கிருந்து எடுத்த டேட்டா, எந்த நிறத்துக்கு எத்தனை மில்லிமீட்டர். நாசா எண்கள் தேவகோட்டையில் மழைமானி வைத்து அளந்தவை அல்ல, செயற்கைக்கோள், வானிலை மாதிரிகளைக் கொண்டு ஒரு பரந்த கட்டத்துக்குக் கணித்தவை என்பதையும் எழுதிவிடுங்கள். அவள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 1901 முதல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்திய வானிலைத் துறையின் புணே அலுவலக இணையதளத்தில் 0.25 பாகைக் கட்ட மழை டேட்டா இருக்கிறது; ஆனால் அதைப் பிரித்தெடுக்க பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்த ஒரு காலேஜ் பையனைப் பிடிக்க வேண்டும்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லில் கிராஃப் போட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றும். அழகான யோசனைதான், ஆனால் கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாந்து ஊற்றுகிறார்கள். கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் கல்லின் முகம். ஊற்றுகிறவர் பார்ப்பது முதுகுப் பக்கத்தை. ஆகவே இடம் வலமாகும்: ஏறுமுகமாக வரைந்து கொடுத்த கிராஃப் இறங்குமுகமாக வந்து நிற்கும், எழுத்தும் எண்ணும் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிவிடும். வழக்கமான பூ வேலைப்பாடு இருபக்கமும் ஒத்திருப்பதால் இது தெரிவதில்லை. படத்தை முன்கூட்டியே புரட்டிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு பட்டையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது; அதைவிட மெல்லிசாக இருந்தால் அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கசியும். ஒரு கல்லுக்காகப் புது அச்சு செய்ய எல்லோரும் சம்மதிக்கமாட்டார்கள். எட்டங்குலக் கல் ஒன்றே ஒன்றரை முதல் இரண்டு கிலோ கனக்கும் என்பதால் பெங்களூர் ரயிலுக்கும் அது தோதான பரிசு இல்லை. ஊரிலேயே வீடு கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கையால் கோத்துப் பார்க்கிற ஆர்வம் அவளுக்கு இருந்தால் இன்னொன்று உண்டு: வீட்டின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் சிறு கருவிக்கான பாகங்கள். ஈஎஸ்பி32 போர்டு, பிஎம்இ280 சென்சார், எஸ்டி கார்டு மாட்யூல் இவை மூன்று செட், கூட எஸ்டி கார்டு மூன்று. முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, மாடியில் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் பதிவானால் ஒரு சென்சாருக்கு ஆண்டில் 52,560 அளவீடு. சித்திரை வெயிலில் வளவு எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அப்போது வாய்ப்பேச்சு வேண்டாம். வாங்கும்போது கவனம்: பிஎம்இ என்று சொல்லி பிஎம்பி280-ஐ விற்கிறார்கள், அதில் ஈரப்பதம் வராது. சிப் எண்ணைப் படித்தால் பிஎம்இ 0எக்ஸ்60, பிஎம்பி 0எக்ஸ்58 என்று காட்டிக்கொடுத்துவிடும். போர்டே சூடாவதால் சென்சாரை ஒரு சாண் ஒயரில் தள்ளி வைக்க வேண்டும். எஸ்டி கார்டு எதற்கு என்றால், கோட்டை மாதிரிச் சுவர்களைத் தாண்டி வைஃபை கட்டுக்குக் கட்டு செத்துவிடும்.

கடைசி நேரத்தில் எதுவும் கைகூடாவிட்டால் சுவரில் மாட்ட ஒரு பிரிண்ட். பிரெஞ்சுப் பொறியாளர் மினார் 1869-இல் வரைந்த நெப்போலியன் படையெடுப்பு வரைபடம் எல்லோர் சுவரிலும் தொங்குகிறது. அதைவிட, 1900 பாரிஸ் கண்காட்சிக்காக அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் தன் மாணவர்களோடு கையால் வண்ணம் தீட்டிய கிராஃப்கள் நல்ல தேர்வு. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பெரிய ஃபைலாக இலவசமாகக் கிடைக்கின்றன, காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஏ2 அளவுக்கு அச்சடிக்கக் குறைந்தது 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது நெசவாளரிடம் பேசுவது. பாவின் நிறம் தெரிந்த பிறகுதான் நூல் வாங்க முடியும். மழைக் கணக்கை அதற்குள் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தைச் சாயங்காலங்களில் பாருங்கள், ஆனால் போட்டோ மட்டும் பகலில்.