தீக்கு அஞ்சாத எல்லைக்கதவு

கேள்வி: செங்கோட்டையில் இருந்துகொண்டு ஃபேன்டஸி நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். இரு நாடுகளுக்கு இடையிலுள்ள மலைக்கணவாயின் வாயிலுக்கு நாயகி இளவேனி வந்துசேரும் காட்சியை அனுப்பியுள்ளேன். படித்த நண்பர்கள், பாத்திரம் மனத்தில் நிற்கவில்லை, உலகமும் நம்பும்படி இல்லை என்கிறார்கள். எதைத் திருத்துவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் நடையில் குறையில்லை. காட்சியில் காவலன் இரு நாட்டுப் பகையின் வரலாற்றை இரண்டு பக்கங்களுக்குச் சொல்கிறான். அங்கே நிற்பவர்கள் எல்லோருக்கும் அது பிறந்ததிலிருந்தே தெரிந்த கதையாயிற்றே! பிறகு இளவேனி உள்ளங்கையில் தீயை எழுப்புகிறாள், கதவு எரிகிறது, அவள் உள்ளே போய்விடுகிறாள். நண்பர்கள் இரண்டாகச் சொன்ன குறை உண்மையில் ஒன்றுதான்: உங்கள் உலகம் அவளிடம் எதையும் கேட்பதில்லை. கேட்காததால் தான் யாரென்று காட்ட அவளுக்கும் வழியில்லை. ஆகவேதான் ‘அஞ்சாநெஞ்சம் கொண்டவள்’ என்று நீங்களே சொல்லவேண்டியிருக்கிறது.

கையில் தீ எழுப்புவோர் தலைமுறைகளாக வாழும் நாட்டில் எல்லைக்கதவை மரத்தால் யார் செய்வார்? அது இரும்பாக இருக்கும். அருகில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். வருகிறவர்களின் உள்ளங்கையில் காவலர்கள் தழும்பு தேடுவார்கள். தழும்பு உள்ளவர்களை, கைகளை ஈரச்சாக்கால் சுற்றிக் கட்டிய பிறகே உள்ளே விடுவார்கள். வைக்கோல் வண்டிக்காரன் அவளைப் பார்த்ததும் மாடுகளை ஒதுக்கிப் பிடிப்பான். வரலாற்று உரை இல்லாமலேயே அந்நாட்டின் அச்சம் வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. இனி இளவேனி கையை நீட்டுவாளா, அல்லது முன்னால் நிற்கும் கிழவியின் கையைப் பற்றிக்கொண்டு பேத்தியைப் போல நடிப்பாளா? நடித்து, கிழவி அகப்பட்டுக்கொண்டால் திரும்பிப் பார்ப்பாளா? இதை அறியத்தான் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

எல்லை மனிதரிடம் என்ன கேட்கும் என்பதற்கு உங்கள் ஊரே போதும். செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன்பு, மன்னராட்சிக் காலத்தில், அது திருவிதாங்கூரில் இருந்தது. கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க தென்காசியோ பிரிட்டிஷ் ஆட்சியில். இருபுறமும் பேச்சு தமிழ்தான், ஆனால் நாணயம் வேறு. அன்று இங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். அங்கே புழங்கிய ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இங்கே 28 சக்கரமும் 8 காசும் ஈடு. இளவேனியின் முடிச்சிலும் அயல்நாட்டு நாணயமே இருக்கட்டும். சுங்கக்காரன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பாதி மதிப்புக்கே எடுத்துக்கொள்ளும்போது, அவள் வாதாடுகிறாளா, வாயை மூடிக்கொள்கிறாளா என்பதை எழுதுங்கள்.

உங்கள் கணவாயில் காற்றே வீசவில்லை என்பதும் எனக்கு வியப்பு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனில் வரும் சாரலைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்த ஈரக்காற்றில் அவளுடைய தீ பிடிக்காமல் போகலாம் என்று வைத்தால், மாயசக்திக்கு ஒரு வரம்பும் அதோடு கிடைத்துவிடும்.

காவலன் வரலாறு சொல்லும் அந்த இரண்டு பக்கங்களைக் காட்சியிலிருந்து நீக்குங்கள், ஆனால் கிழித்தெறிய வேண்டாம். நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை அவை. பெயர்களைப் பற்றி ஒரு சொல்: ‘க்ஸார்த்தியம்’, ‘வ்ரோன்’ என்ற நாடுகளுக்கு நடுவே ஒரு பெண் இளவேனி என்ற பெயரோடு எப்படி வந்தாள் என்பது விளங்கவில்லை, ஒன்று காரணம் சொல்லுங்கள், இல்லையேல் நாடுகளின் பெயர்களை மாற்றுங்கள்.