கறுப்புத் திரையில் காணாமல் போன டேட்டாபேஸ்

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நோட்டுக் கணக்கைக் கணினிக்கு மாற்ற எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் (தகவல்களைச் சேமிக்கும்) மென்பொருளை இறக்கினேன். டேபிள் (கணக்கு எழுதும் அட்டவணை) உருவாக்கும் கட்டளையைத் தட்டினால் மூன்று புள்ளி வந்து அப்படியே நிற்கிறது. ஒருவழியாக உருவாக்கி மூடினால், மறுநாள் கோப்பையே காணோம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறட்டுமா?

பதில்: வேண்டாம். அதற்கு சர்வர் ஓட வேண்டும், கடவுச்சொல், பராமரிப்பு என்று தனிப்பாடு. ஒருவர் எழுதும் கடைக்கணக்குக்கு எஸ்க்யூலைட் தாராளம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் இதை வெளியிட்டதே சர்வர் தொல்லை இல்லாமல் இருக்கத்தான். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

ஐகானை இரட்டைக் கிளிக் செய்து திறந்திருப்பீர்கள். அப்படித் திறந்தால் டேட்டாபேஸ் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், மூடினால் போச்சு. முதல் வரிகளிலேயே அது எச்சரிக்கும், நாம்தான் படிப்பதில்லை.

எஸ்க்யூலைட்3 இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் சிஎம்டி (cmd) என்று தட்டி என்டர் கொடுங்கள். கட்டளை தட்டும் கறுப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். அங்கே 'எஸ்க்யூலைட்3', ஓர் இடைவெளி, 'ஷீட்.டிபி' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உடனே கோப்பைத் தேடாதீர்கள், முதல் டேபிள் உருவானால்தான் அது தென்படும்.

அந்த மூன்று புள்ளி பிழையல்ல. "இன்னும் முடிக்கவில்லையே" என்று காத்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கேயே அரைப்புள்ளி (;) போட்டு என்டர் தட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால் எங்கோ ஒரு மேற்கோள் குறி மூடாமல் கிடக்கிறது. '.டேபிள்ஸ்', '.குவிட்' போலப் புள்ளியில் தொடங்குபவற்றுக்கு அரைப்புள்ளி தேவையில்லை.

இனி டேபிள். தேதி, பெயர், ரகம் மூன்றும் டெக்ஸ்ட் (எழுத்து). கிலோ, விலை இரண்டும் ரியல் (தசம எண்). விலையை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். கோட்டயம் ரப்பர் சந்தை விலை தினமும் மாறும்போது, போன மாதம் என்ன விலைக்கு எடுத்தோம் என்று யாரிடம் போய்க் கேட்பது? ரகத்தில் ஷீட்டா ஒட்டுப்பாலா (காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) என்று குறியுங்கள். தேதியில் ஆண்டு முதலில், 2025-06-14 என்று; அப்போதுதான் வரிசை சரியாக வரும்.

அப்புறம், டேபிள் உருவாக்கும் கட்டளையில் அடைப்புக்குறியை மூடியபின், அரைப்புள்ளிக்கு முன் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிலோ இடத்தில் '42 கிலோ' என்று எழுதினாலும் எஸ்க்யூலைட் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். சேர்த்தால் அங்கேயே மறுத்துவிடும். இந்த வசதி 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல்தான், பழையதை இறக்கியிருந்தால் மாற்றுங்கள்.

இரவு கடை சாத்தும்போது '.குவிட்' கொடுத்து வெளியே வந்து, ஷீட்.டிபியைப் பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். பழைய நோட்டை ஒரு மாதம் கூடவே எழுதுங்கள்.