கிணற்றுத் தண்ணீரும் ஆர்.ஓ. பில்ற்றரும்: எதை எப்போது மாற்றுவது?

கோண்டாவிலில் இருந்து ஒரு அக்கா: பில்ற்றர் ஆறு மாதம் பாவிக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எனக்கு நாலு மாதத்திலேயே தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. சாமான் பிழையா?

சாமான் பிழையில்லை அக்கா. அந்த ஆறு மாதம் பொதுவாகச் சொன்ன கணக்கு, உங்கள் கிணற்றைப் பார்த்துச் சொன்னதில்லை. மாரி மழைக்குக் கிணறு கலங்கினால் ஆர்.ஓ. மெஷினில் (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணீரைத் தள்ளி உப்பை வடிக்கும் மெஷின்) முதலாவதாக நிற்கும் வெள்ளைப் பஞ்சு பில்ற்றர் மூன்று மாதத்திலேயே அடைத்துவிடும். கழற்றியதை எறியாமல் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்துளை வரைக்கும் செம்மண் நிறம் ஏறியிருந்தால் அடுத்த முறை இன்னும் முந்தி மாற்றவேண்டும், வெளியில் மட்டும் நிறம் பிடித்து உள்ளே வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். புதிது போட்டும் வேகம் வரவில்லையென்றால் வடிந்த தண்ணீர் சேரும் தாங்கியின் காற்றழுத்தத்தைப் பாருங்கள், தாங்கி வெறுமையாக இருக்கும்போது 7 பிஎஸ்ஐ அளவில் இருக்கவேண்டும்.

கொக்குவில் தம்பி ஒருவர்: ஒன்றரை வருடம்தான் ஆகிறது, மெம்பிரேன் மாற்றவேண்டும் என்று சர்வீஸுக்கு வந்தவர் சொல்கிறார். நம்பலாமா அண்ணா?

அளந்து காட்டச் சொல்லுங்கள் தம்பி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் ரி.டி.எஸ். மீற்றர் ஒன்றை நீங்களே வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. கிணற்றுத் தண்ணீர் 800 காட்டி, வடிந்து வருவது 60 காட்டினால் நூற்றுக்கு 92 பங்குக்கு மேல் பிடிக்கிறது, அதை ஏன் மாற்றவேண்டும்? அதே கிணற்றுக்கு 160ஐத் தாண்டினால் 80 வீதத்துக்குக் கீழே போய்விட்டது, அப்போது யோசிக்காமல் மாற்றுங்கள். ஒன்று மட்டும் கவனம்: இரவு முழுக்க நின்றுவிட்டு காலையில் முதல் வரும் தண்ணீர் எப்போதும் கூடத்தான் காட்டும், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். எண் நன்றாக இருந்தும் பஞ்சு பில்ற்றர் புதிதாக இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் மெம்பிரேனில் சுண்ணாம்பு படிகிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறிவரும் தண்ணீர்தானே எங்களுடையது, கேத்திலுக்குள் படியும் அதே வெள்ளைதான்.

சுன்னாகம்: கிணற்றில் குளோரின் இல்லை. பிறகு கார்பன் பில்ற்றர் எதற்கு?

குளோரின் இல்லையா? வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுகிறோமே, அதை மறந்துவிடாதீர்கள். அந்தக் குளோரினை மெம்பிரேனுக்குப் போகாமல் பிடிப்பது கார்பன்தான், மெம்பிரேனைக் குளோரின் தின்றால் திருத்தவே முடியாது. மணம் முற்றாகப் போகும்வரை ஆர்.ஓ.வின் வால்வைப் பூட்டி வையுங்கள். கார்பனை வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். உங்கள் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும், எண்ணெய் இருந்தாலும் ரி.டி.எஸ். மீற்றர் அதைக் காட்டாது. சந்தேகம் வந்தால் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள், கார்பனை மட்டும் நம்பிக் குடிக்கவேண்டாம்.

வேலணை: எங்கள் தண்ணீர் சவர், மீற்றர் 2500 காட்டுகிறது.

வீட்டுக்கு விற்கும் சின்ன மெஷின் இதற்குத் தாங்காது. மெம்பிரேன் இரண்டு மூன்று வருடம் வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சவர்த் தண்ணீருக்கென்று செய்த, அழுத்தம் கூடிய மோட்டர் உள்ளது வேண்டும். கழிவாகப் போகும் தண்ணீரை மரங்களுக்கு விடாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூட.

உரும்பிராயில் இருந்து ஒரு தாய்: தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு, பசளையால் வரும் நைத்திரேற் கூட என்று ரிப்போர்ட் வந்தது. கொதிக்கவைத்துக் குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா? ஆர்.ஓ. இருக்கிறது.

கொதிக்கவைத்த தண்ணீரில் நைத்திரேற் குறையாது தங்கச்சி, நீர் ஆவியாகிப் போக மிச்சத்தில் இன்னும் கூடும். பஞ்சும் கார்பனும் அதைப் பிடிக்காது, மெம்பிரேன்தான் பிடிக்கும், அதுவும் சுண்ணாம்பைப் பிடிக்கும் அளவுக்கு நைத்திரேற்றைப் பிடிக்காது. அதனால் மேலே தம்பிக்குச் சொன்ன 80 வீதம் உங்களுக்குப் பொருந்தாது. 90க்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே மாற்றிவிடுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவமுடியாமல் போகும் ஆபத்தைப் பார்த்து வைத்த எல்லை அது. வடிந்த தண்ணீரையும் ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ரிப்போர்ட் வரும்வரை பால்மாவுக்கு நைத்திரேற் குறைவென்று தெரிந்த வேறு தண்ணீர் எடுங்கள்.