கொலை வழக்கில் பிடிபட்டவருக்குப் பிணை கொடுக்கலாமா?

“கொலை, போதைப்பொருள் போன்ற பாரதூரமான வழக்குகளில் பிடிபட்டவர்களை இலங்கை நீதிமன்றங்கள் பிணையில் விடுவது பாதிக்கப்பட்டவர்களுக்கு இழைக்கும் அநியாயம் இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை என்பதுதான் என் பதில். நான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, ஆஜராகும் சட்டத்தரணி. அந்த வாடை இந்தப் பதிலில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிணை மனுவை விசாரிக்கும் நீதிபதி, “இவன் செய்தானா?” என்று தீர்ப்பதில்லை. அது வழக்கு விசாரணையின்போது பார்க்க வேண்டிய வேலை. வெளியே விட்டால் வழக்குத் தவணைக்கு வருவானா, சாட்சிகளை மிரட்டுவானா, இன்னொரு குற்றம் செய்வானா என்பவையே அங்கே கேள்விகள். பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் சொல்கிறது. மறுப்பதற்கு அது தரும் காரணங்களில் பொதுமக்களிடையே கொந்தளிப்பு ஏற்படும் என்பதும் ஒன்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முகநூலில் நாலு பேர் கொதித்தால் ஒருவன் உள்ளே இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் பாரதூரமான வழக்குகளில் பிணை சுலபமாகக் கிடைப்பதில்லை. கொலை போன்ற மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் பிணைச் சட்டப்படி நீதவானிடம் கேட்டுப் பயனில்லை. மேல் நீதிமன்றம் போக வேண்டும். ஹெரோயின் 2 கிராமைத் தொட்டாலே குற்றம் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதாகிவிடுகிறது. 10 கிராமும் அதற்கு மேலும் என்றால், போதைப்பொருள் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தின்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்தான், பிணை கொடுக்கலாம்.

இந்தக் கிராம் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொலிசார் நிறுத்துப் பார்ப்பது பொடியின் மொத்த நிறையை. சட்டம் பார்ப்பதோ அதற்குள் இருக்கும் தூய ஹெரோயினின் நிறையை. அதைச் சொல்ல வேண்டியது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர். அந்த அறிக்கை வரும் வரை, கலப்படப் பொடியோடு பிடிபட்ட பாவனையாளனும் பெரிய வியாபாரியும் ஒரே விளக்கமறியல் கூடத்தில் கிடப்பார்கள். தவணைக்குத் தவணை “அறிக்கை இன்னும் கிடைக்கவில்லை, கனம் நீதவான் அவர்களே” என்பார்கள். அடுத்த தவணை விழும்.

குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுத்தவாளியாகவே கருதப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(5) சொல்கிறது. அதற்கு முந்திய உட்பிரிவு, விசாரணைக்காகத் தடுத்து வைப்பது தண்டனையாகாது என்கிறது. சட்டத்துக்கு அது சரி. உள்ளே இருப்பவனுக்கு என்ன வித்தியாசம்? மன்னார் மாவட்டக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த ஒன்றரை வருடத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

பிணை கிடைத்த பிறகும் பாடு தீராது. பிணையாளருக்குக் கிராம சேவகரின் சான்றிதழ் வேண்டும். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். புறக்கோட்டைப் புடைவைக் கடையில் வேலை செய்த மலையகத்துப் பொகவந்தலாவைப் பையன் ஒருவனுக்கு இரண்டு சரீரப் பிணையாளர்கள், அதாவது அவனுக்காக நேரில் வந்து பொறுப்பேற்பவர்கள், கேட்டார்கள். தகப்பன் இரவு பஸ்ஸில் சான்றிதழோடு வந்து சேர்ந்தார். அதில் மேலொப்பம் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. பிணை கிடைத்த பையன் பின்னேரம் மற்றவர்களோடு மறுபடி சிறைச்சாலை பஸ்ஸில் ஏறினான். “ஐயா, பிணை குடுத்துட்டதாத்தானே சொன்னீங்க?” என்று கேட்ட தகப்பனை, மேலொப்பம் வாங்கி வர அன்றிரவே மலைக்குத் திருப்பி அனுப்பினேன். கொழும்பிலேயே வீடும் உறவும் உள்ளவன் அன்று மாலையே வீடு போயிருப்பான்.

பாதிக்கப்பட்டவரின் பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சந்தேக நபர் அடுத்த வீட்டுக்காரர் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஆனால் “அவன் கெட்டவன்” என்பது பிணையை எதிர்க்கக் காரணம் ஆகாது. எப்போது, எங்கே, என்ன சொல்லி மிரட்டினான் என்று அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரச் செய்யுங்கள். அப்படி ஒரு முறைப்பாட்டுப் பிரதி கோப்பில் இருந்தால் எங்களைப் போன்றவர்களின் வாதம் பாதி படுத்துவிடும். ஏற்கெனவே வெளியே வந்தவன் சாட்சியைத் தொந்தரவு செய்தால் கொடுத்த பிணையை இரத்துச் செய்யவும் நீதிமன்றத்தால் முடியும்.